சிவப்பு நூல் தீந்துபோச்சு

...அழட்டும் மாப்ள, விடுங்க! உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாளா? சாத்திக்கட்டும். பெத்தவளைப் பாத்து, "ஏம்மா இப்படிப் பண்ணே?"ன்னு நாலு பேர் எதிர்ல கேக்கலாமா? நீங்களே சொல்லுங்க. வேணாம், சொல்லாதீங்க, அவ பக்கம்தான் பேசுவீங்க. உக்காருங்க. அந்த ஸ்வெட்டர் உங்களுக்கு எடுப்பா இருக்கு.

நானா கேட்டேன் இந்த வேலையை? அவதான் வந்தா. "அம்மா, உலகம் சூடாகுதுன்னு படம் போட்டுக் காட்டினா ஜனங்க கொட்டாவி விடுறாங்க. நீ பின்னிக் குடு, நின்னு பாப்பாங்க"ன்னா. வருஷத்துக்கு ஒரு பட்டை. குளுந்த வருஷம் நீலம், சூடான வருஷம் சிவப்பு. இவ்வளவுதான்! இதுக்கா விடிய விடியப் படிச்சா?... சரி, பின்னினேன். கழுத்து ஒடியப் பின்னினேன். பாருங்க, ஒரு சாண் அகலத்துல சுவர் முழுக்க ஓடுது. எங்கயாவது ஒரு கண்ணி விட்டிருக்கா? காட்டுங்க பாப்போம்!

இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? கடைசியில கொஞ்சம் நீலமாயிடுச்சு. கொஞ்சந்தான்... சரி, ரெண்டு சாண். அதைப் பாத்துட்டு சாயங்காலக் கூட்டத்துக்கு நாற்காலி போட வந்த மனுஷன், "அப்பாடா, இப்பல்லாம் குளுந்துடுச்சு போலருக்கே, நல்ல சேதி!"ன்னுட்டுப் போய்ட்டார். இவளுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைங்க எல்லாம் இதைப் பாக்க வரப்போகுதாம். இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் தலைகீழாப் போச்சாம்.

சிவப்பு தீந்துபோனா நான் என்ன பண்றது? கடையிலயும் அந்தச் சிவப்பு இல்லைங்கறான்! இவ மூட்டையாத்தான் கொண்டாந்து போட்டா, இல்லைங்கல. நான்தான் நம்பலை. சின்னதுலேர்ந்தே எறும்பு கடிச்சா ஊரைக் கூட்டுறவ இல்லையா? முதல் பாதியில நீலந்தானே ஜாஸ்தி வந்துச்சு! இவ்வளவு சிவப்பு எதுக்குன்னு, நடுவுல கொஞ்சம் எடுத்து... ஆசையாத்தான் எடுத்தேன். நம்ம மாப்ளைக்கு நல்லதா ஒண்ணு இல்லையேன்னு...

என்ன, குனிஞ்சு பாக்குறீங்க? ஆமா. அதேதான்.

அப்புறம் பாத்தா சிவப்பு, சிவப்பு, மேல மேல சிவப்பு. நீலத்தைத் தொடவே வேலையில்லை மாப்ள. இவ சொன்னதெல்லாம் நெசந்தான்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. அதை இவகிட்டப் போய்ச் சொல்ல மனசு வரலை. நூலும் தீந்துச்சு. இருந்த நீலத்தைப் போட்டு ஒப்பேத்திட்டேன்.

எங்க எந்திரிக்கிறீங்க? நழுவாதீங்க. கையைத் தூக்குங்க... ரெண்டு கையும். கழுத்தைப் பாத்து, மெதுவா! இந்த ஸ்வெட்டரை எந்த முடிச்சுல அவுக்கணும்னு எனக்குத் தெரியும். நீங்க நூலைச் சுத்துங்க, நான் நீலத்தைப் பிரிச்சுட்டு உக்காந்து பின்னிடறேன்.

குளுருதா? என் சால்வையைப் போத்திக்கங்க. நீலந்தான், பரவால்ல.

பிள்ளைங்க வந்து, "கடைசியில ஏன் இவ்வளவு சிவப்பு?"ன்னு கேப்பாங்க. கேட்டதும் போய் அந்தக் கதவைத் தட்டுங்க. அதுக்குப் பதில் சொல்ல அவளாலதான் முடியும். "உன் அம்மாவே உன்னைப் பதில் சொல்லச் சொன்னா"ன்னு அவகிட்டச் சொல்லுங்க.