டிசி வாங்கப் போன அக்கா தங்கச்சி

எங்க அக்கா செத்து ஒரு மாசம் ஆவுது. அதுலேர்ந்து பஸ்ல எங்கனா அக்கா தங்கச்சி பேசிக்கினு வந்தா, காது தானா அங்க போயிடுது.

நேத்து திருப்போரூர்ல செங்கல்பட்டு பஸ் ஏறுனேன். முன்னாடி சீட்ல ரெண்டு பேரு. பெரியவ மடியில மல்லிய வச்சி கட்டிக்கினே வந்தா.

"எனக்கு எகனாமிக்ஸ் வேணாங்க்கா. உன்கூட பூ கட்ட வந்துடறேன்"ன்னா சின்னவ.

"அதான் டிசி வாங்க கையெழுத்து போட வரேனே. இன்னாதான் புரியல, சொல்லு."

"கிளாஸ்ல எல்லாம் இங்கிலீஷு. வெல ஏறுனா ஜனங்க கம்மியா வாங்குவாங்களாம். உப்புன்னா மட்டும் கொறைக்க மாட்டாங்களாம்."

"கிருத்திகையன்னிக்கி கோயிலாண்ட பூ டபுள் வெல. எவ கம்மியா வாங்கறா?"

சின்னவ அக்கா மடியில இருந்த பூவ பாத்தா. "அன்னிக்கி மட்டும் பூவு உப்பு மாதிரி ஆயிடுதுக்கா."

"இதையே பரிச்சையில தமிழ்ல எழுதுனா ஒத்துக்க மாட்டாங்களா?"

"தெரியல. கேக்கல."

"ஏன்டி?"

"சிரிப்பாங்க."

"லூசு. ஒரு வார்த்த கேக்காம டிசி வாங்க வந்துட்டா பாரு."

காலேஜ் ஸ்டாப் வந்துச்சி. பெரியவ எந்திரிக்கல.

"நீ மட்டும் எறங்கு. மிஸ்ஸாண்ட கேளு. முடியாதுன்னுட்டா போன் பண்ணு, வந்து கையெழுத்து போடறேன்."

"நீ வாயேன்க்கா."

"நான் வந்தா நான்தான் பேசுவேன். போ."

கட்டுன பூவுல கொஞ்சம் கிள்ளி அவ தலையில வச்சி அனுப்புனா. சின்னவ காலேஜ் கேட்டுக்குள்ள போற வரைக்கும் ஜன்னல்ல எட்டிப் பாத்துக்கினே இருந்தா. நானும் பாத்தேன்.