தலையில வச்ச கை

பால்கோவா வாங்க வரல அண்ணாச்சி. எடை போடாதீய, வச்சிருங்க. உங்களப் பாக்கத்தான் ராஜபாளையத்துலருந்து வாரேன். பேரு விஜயபாண்டி. பேப்பருக்குப் போட்டோ எடுக்குறவன். போன வாரம் மலையடிவாரத்துல யான பூந்த தென்னந்தோப்பு படம் வந்துச்சுல்ல, செட்டியார்பட்டி தவசிமுத்து அண்ணன் தலையில கை வச்சு உக்காந்துருப்பாரே, அத எடுத்தது நாந்தான்.

ஆமா, உங்க சம்பந்தி.

சரி, சரி. சம்பந்தின்னு சொல்லல. கோவப்படாதீய. பூ வச்சதோட நிப்பாட்டிட்டியன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன். உங்க மகன் சிவபாண்டி கடையில இல்லையோ? அதுவும் நல்லதுதான். அவன் மொகத்தப் பாத்துக்கிட்டு இதப் பேச எனக்கு வாய் வராது.

தோப்பே போயி ஒண்ணுமில்லாம உக்காந்துருக்க வீட்டுல பொண்ணெடுக்க மாட்டேன்னு தரகர்ட்ட சொன்னியளாம். உங்களக் குத்தம் சொல்ல வரல. அந்தப் படத்தப் பாத்தா நானும் அப்படித்தான் நெனப்பேன். ஆனா செத்த நேரம் கேளுங்க. போனது ஓரத்துல நின்ன நாலு மரந்தான். மிச்சம் அம்புட்டும் அப்படியே நிக்கு. பொண்ணு பாக்கப் போனப்ப நீங்களே சுத்திப் பாத்த தோப்புதான?

பொய்ப் படம்னு சொல்ல முடியாது. மரம் விழுந்து கெடந்தது நெசம். கீழ குத்தவச்சு, விழுந்த மரத்தையும் அவரையும் மட்டும் உள்ள அடக்கி எடுத்தா, தோப்பே அழிஞ்ச மாதிரித் தெரியும். பின்னால நிக்குறது ஒண்ணும் தெரியாது. தலைப்பு நான் போடல, விவசாயி கண்ணீர்னு ஆபீஸ்ல போட்டாவ. அவரு எங்க அழுதாரு?

எங்க பொழப்பு அப்படி ஆகிப்போச்சு அண்ணாச்சி. படத்துல ஃபீலிங் இல்லையேன்னு ஆபீஸ்ல கேப்பாவ. பிளஸ் டூ ரிசல்ட் வந்தா பிள்ளைகள வரிசையா நிப்பாட்டி, குதிங்கம்மான்னு சொல்லுவேன். மார்க் கொறஞ்ச பிள்ளையும் சேந்து குதிக்கும். ஒரு பிள்ள குதிச்சுட்டுக் கீழ வந்ததும் அழுதுருச்சு. நான் குதிச்ச படத்தத்தான் குடுத்தேன். ரத்ததான முகாம்ல ஊசி ஏறும்போது சிரிங்கம்பேன். தெருவுல தண்ணி வரலன்னா காலிக் கொடத்தையெல்லாம் அடுக்கச் சொல்லுவேன். செட்டியார்பட்டியில ஒரு அக்கா, எப்பமோ புடிச்சு வச்சிருந்த தண்ணியக் கீழ ஊத்திட்டுக் கொடத்தக் கொண்டாந்து வச்சுது, பாத்துக்கோங்க. பேப்பர்க்காரன் சொன்னா நம்ம நல்லதுக்குத்தான் சொல்லுவான்னு நம்புற சனம். அப்பல்லாம் எனக்கு ஒண்ணும் உறைக்கல. இப்ப நெனச்சா அம்புட்டு வெக்கமா இருக்கு.

தவசிமுத்து அண்ணன் என்னைய ஒரு வார்த்த வையல. பேப்பர் வந்த அன்னைக்கு போன் போட்டு, தம்பி, கலர்லயே வந்துருக்கேன்னு சந்தோசப்பட்டாரு. அதுக்குப் பொறவுதான் தரகர் போயிருக்காரு. நேத்து நான் போனேன். மாரிச்செல்வி, அதான் உங்களுக்கு மருமகளா வர இருந்த பிள்ள, எனக்குத் தண்ணி கொண்டாந்து வச்சுட்டு உள்ள போயிருச்சு. செருப்பக் கழட்டி அடிச்சிருந்தாக்கூட தேவல.

நீங்க கால்ல விழச் சொன்னாலும் விழுறேன். அதுக்கு முந்தி இதப் பாருங்க, கேமராவக் கையோட கொண்டாந்துருக்கேன். இதான் மொதப் படம், நான் வண்டிய விட்டு இறங்குனதும் எடுத்தது. எனக்கு எளநி வெட்டிக்கிட்டே சிரிக்காரு பாருங்க. பின்னால எம்புட்டு மரம் நிக்கு! எல்லாம் போனவரு சிரிக்க சிரிப்பா இது? இந்தப் பட்டன அமுக்குங்க, அடுத்தது வரும். இது அவரு சம்சாரம் வெள்ளைத்தாய் அக்கா, போட்டோன்னதும் வாயப் பொத்திக்கிட்டு சிரிக்காவ. இம்புட்டுத்தான் அண்ணாச்சி. குடுங்க.

இல்ல, அதுக்கு மேல ஒண்ணுமில்ல. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அமுக்காதீய. அண்ணாச்சி, குடுங்க...

அது வந்து... விடாம எடுக்குற மாதிரி போட்டுருந்தேன். படபடன்னு தானா விழுந்துருச்சு.

அவரு கையப் புடிச்சிருக்க அந்தக் கையா? அவரு தம்பி கை இல்ல. அவரு தம்பி அன்னைக்கு அங்க இல்ல.

ஆமா. கருப்புக் கயிறு கட்டியிருக்கு. இந்தா, என் கையில இருக்க இந்தக் கயிறுதான்.

அவருக்கு வைக்கத் தெரியல அண்ணாச்சி. தலையில கை வைங்கண்ணேன்னா, சிரிச்சுக்கிட்டே கன்னத்துல வைக்காரு. நாந்தான் ஒரு கையில கேமராவ வச்சுக்கிட்டு, மறு கையால அவரு கையப் புடிச்சு தலையில வச்சேன். சிரிக்காதீயண்ணேன்னு ஒரு அதட்டும் போட்டேன். அக்கா ஓடியாந்து, வேண்டாம் தம்பி, கல்யாணம் வச்சிருக்க வீடு, தலையில கை வைக்கக் கூடாது, வேற மாதிரி எடுங்கன்னாவ. மாப்பிள்ள எந்த ஊரு அக்கான்னு கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவாக் கடைன்னு உங்க பேரச் சொன்னாவ.

நல்ல எடந்தான்க்கான்னு சொல்லிக்கிட்டேதான் பட்டன அமுக்குனேன்.