மேற்றன்ரை கொப்பி

இதை எனக்கு முதன்முதல் சொன்னது எங்கடை பக்கத்து வீட்டு இராசமலர்தான் தங்கச்சி, போன ஆனி உத்தரத்துக்கு அடுத்த நாள். தன்ரை தேப்பனைப் பாக்க வயோதிபர் இல்லத்துக்குப் போனவள், திரும்பி வந்து வேலிக்கு மேலாலை எட்டிச் சொல்லுறாள், "குணலட்சுமியக்கா, உங்கடை மச்சாளை அங்கை பட்டினி போடுகினம். ஆள் ஈர்க்காப் போச்சு" எண்டு.

இல்லையில்லை, கூடை இருக்கட்டும். காலிலை முட்டினால் என்ன? டீசலில்லாமல் ஓடுற இந்த பஸ்ஸின்ரை மண்ணெண்ணெய்ப் புகைக்குக் கருவாட்டு மணம் எவ்வளவோ மேல். கொடிகாமம் சந்தைக்குத்தானே? நான் அதுக்கு இஞ்சாலை இறங்கிடுவன்.

மச்சாள் எண்டால் இவரின்ரை அக்கா, சிவக்கொழுந்து. கலியாணம் கட்டேல்லை, எங்களோடைதான் இருந்தவ. என்ரை அஞ்சு பிள்ளையளையும் இடுப்பிலை காவினது அவதான். அந்த இடுப்புத்தான் கிணத்தடியிலை விழுந்து முறிஞ்சுது. இவரும் கண்ணை மூடிட்டார், பிள்ளையள் வெளிநாட்டிலை. நான் ஒருத்தி எப்பிடித் தூக்கி இருத்திறது? அதுக்கு முந்தின ஐப்பசி, நல்ல நாள் பாத்துக் கொண்டுபோய் விட்டன்.

இராசமலர் சொன்னதைக் கேட்டுப் போய்ப் பாத்தால், பிள்ளை, அவள் குறைச்சுத்தான் சொல்லியிருக்கிறாள். முப்பத்தொரு கிழடுக்கு ரெண்டு பேர் வேலைக்கு. பின்னேரம் நாலரைக்கு இராச்சாப்பாடு. ஏனெண்டு கேட்டால் சமைக்கிற குசினிக்காறிக்கு அஞ்சு மணிக்கு பஸ்ஸாம். நாலரைக்குத் திண்டுபோட்டு விடியுமட்டும் வயிறு என்ன செய்யும்? தண்ணிச் செம்பை யன்னலிலை வைக்கினம், இடுப்பு முறிஞ்ச மனிசி எட்டி எடுக்குமோ? நகம் பருந்தின்ரை நகம். சீலை தோய்க்கச் சவுக்காரம் வரவிடுறாங்களில்லை எண்டினம். சரி, சவுக்காரத்தை ஆமி மறிச்சான். நகவெட்டியையும் மறிச்சவனோ?

நான் சண்டைக்காறி இல்லை தங்கச்சி. பஸ்ஸிலை தேவாரம் சொல்லிக்கொண்டுதான் போவன், கோவம் வரக்கூடாது எண்டு. இல்லத்து வாசலைத் தாண்டினவுடனை தேவாரம் மறந்துபோகும். இல்லத்துக்குப் பொறுப்பான மேற்றன் கனகாம்பிகை என்னைக் கண்டால் அலுமாரிக்குப் பின்னாலை போய் நிப்பா. நான் விடுவனே? "அம்மா, செம்பைக் கீழை வையுங்கோ. அம்மா, நகத்தை வெட்டுங்கோ" எண்டு பின்னாலையே திரிவன். நகம் நானே வெட்டினன். செம்புக்கு ஒரு முக்காலி கொண்டுபோய் வைச்சன். இப்ப எல்லாக் கட்டிலுக்கும் பக்கத்திலை ஏதோ ஒரு பெட்டியெண்டாலும் கிடக்குது, பாத்தியளே.

ஆனால் சாப்பாடு மட்டும் சரிவரேல்லை. மச்சாள் சோத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சுவிடுவா. பூசணிக்காய், வெறும் சோறு, பேந்தும் பூசணிக்காய். இப்பிடியே போனால் மாரிக்கு ஆள் தாங்காது எண்டு நேற்று மருந்து குடுக்கிற பிள்ளை என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லுது. நேரை மேற்றனிட்டைப் போனன். "பக்கத்துக் கட்டிலுக்கு மீன் குழம்பு, என்ரை மச்சாளுக்குப் பூசணிக்காயோ? மீனெண்டால் அவவுக்கு உயிர்" எண்டு கத்தினன். ஓம், கத்தினதுதான். முருகன் மன்னிக்கட்டும்.

மேற்றன் ஒரு கொப்பியை எடுத்து விரிச்சு எனக்கு முன்னாலை வைச்சா. வடிவா எழுதியிருக்கு. சிவக்கொழுந்து, மீன், முட்டை, ஒரு மச்சமும் குடுக்கக் கூடாது, நேர்த்தி முடிய வந்து சொல்லுவன். கீழை, கொண்டுபோய் விட்ட அண்டு நான் வைச்ச கைச்சாத்து.

சிரிக்கிறியள். சிரியுங்கோ, நானும் இப்ப சிரிக்கிறன், நேற்று இல்லை. என்ரை கடைக்குட்டி பஞ்சலிங்கம் ஜேர்மனிக்கு வெளிக்கிட்டவன், அங்கை இருக்க விடுவாங்களோ எண்டு தெரியாமல் கிடந்தது. அவனுக்கு அங்கை இருக்கலாமெண்டு கடுதாசி கிடைக்குமட்டும் எங்கடை வீட்டிலை ஒருத்தரும் மச்சம் தொடுறேல்லை எண்டு சந்நிதி முருகனிட்டை நேந்தன். மச்சாளையும் சேர்த்துத்தான் நேந்தது. அவவைக் கேட்டனானோ? கேக்கேல்லை. மாசியிலை கடுதாசி கிடைச்சுது. சந்நிதியிலை பொங்கிப் படைச்சன். அடுத்த நாளே விளைமீன் வாங்கிக் குழம்பு வைச்சுச் சாப்பிட்டன், தங்கச்சி. இல்லத்திலை சொல்ல மறந்துபோனன்.

மச்சாள் ஒவ்வொரு முறையும் கேப்பா, "குணம், நேர்த்தி தீத்தாச்சோ?" எண்டு. "ஓம் மச்சாள், வடிவாத் தீத்தாச்சு" எண்டுபோட்டு நான் மேற்றனோடை சண்டைக்குப் போயிடுவன். அவ என்னைப் பாத்துக்கொண்டு இருப்பா. அங்கத்தையாக்களிட்டையும் கேட்டவவாம். கைச்சாத்து வைச்சவ வந்து சொல்லோணும், உங்கடை சொல்லு காணாது எண்டிட்டினம். எழுபத்தெட்டு வயசு மனிசி, தான் என்ன தின்னுறது எண்டு சொல்ல உரிமையில்லை. அது அவையின்ரை பிழை. என்ரை பிழை அதைவிடப் பெரிசு.

"நேர்த்தி முடிஞ்சுதோ அம்மா?" எண்டு மேற்றன் கேக்கிறா. வெக்கத்திலை, நாளைக்கு வந்து சொல்லுறன் எண்டுபோட்டு பஸ் ஏறிட்டன். மச்சாளின்ரை முகத்தைக்கூடப் பாக்கேல்லை. விடிய எழும்பிச் சந்தைக்குப் போனால், கடலுக்கு ஒருத்தரும் இறங்கேல்லையாம், ஒரு மீன் இல்லை. இந்தப் பையிலை கிடக்கிறது கொழுக்கட்டை. நேர்த்தி முடிஞ்சும் ஆறு மாசம் பூசணிக்காய் திண்ட மனிசிக்குக் கொழுக்கட்டையை நீட்டி என்னெண்டு மன்னிப்புக் கேக்கிறது? நாளைக்கெண்டால் வெள்ளிக்கிழமை, அவ தானாவே தொடமாட்டா.

அந்தா ஆலமரம் தெரியுது, அடுத்தது நான் இறங்கிற இடம். அது கட்டாக் கருவாடுதானே? முள்ளில்லாததாப் பாத்து ஒரு துண்டு எடுத்துத் தாங்கோ, தங்கச்சி. அவவுக்குப் பல்லில்லை.