காரமில்லாத புகை

மிளகாய் இடிக்கும்போது மூக்கைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் முதலில் இடிக்க வந்த பெண்கள் எல்லோரும் தும்மித் தும்மியே உரலை விட்டு ஓடினார்கள். கடைசியில் நான் மட்டும் நின்றேன். அப்படித்தான் இந்த வேலை என்னிடம் வந்தது.

யானைச் சாணத்தைக் கூடையில் பொறுக்கி வருவேன். ஈரம் காய்வதற்குள் மிளகாய்த் தூளைப் பிசைந்து, பழைய தகர டப்பாவில் அமுக்கி, வெயிலில் வைப்பேன். காய்ந்தால் செங்கல் போல ஆகிவிடும். இருட்டும் நேரத்தில் வேலியோரம் அதைக் கொளுத்தி வைத்தால் விடியும்வரை புகைந்துகொண்டிருக்கும். அந்தக் காரப் புகை யானைக்கு ஆகாது. துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே போய்விடும். ஆற்றுக்கு மேல்பக்கத்து ஊர்களில் யானை மிதித்துச் சிலர் செத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு உயிரும் போகவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று என் தோழி ஒனலென்னா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஐயா, இது அவள் சொன்னது. நானாகச் சொல்லிக்கொண்டதில்லை.

ஒனலென்னாவின் வயல் என் வயலுக்கு அடுத்தது, காட்டை ஒட்டியது. இருவருக்கும் ஒரே கலப்பை. அறுவடைக் காலத்தில் ஊரே வயலுக்குக் குடிபோய்விடும். அவள் கணவனை இழந்தவள். குடிசையில் தனியாகப் படுப்பாள். நான் கட்டிகளைக் கொண்டுபோகும்போதெல்லாம் ஒரே சண்டைதான்.

"அடியே மாபுலா, நீ யானைய விரட்டுறியா, என்னைய விரட்டுறியா? ராத்திரி பூரா கண்ணுல தண்ணி. எம் புருஷன் செத்தப்பகூட நான் இவ்வளவு அழலடி."

"மிளகாயக் குறைச்சா யானை வந்து உம் பக்கத்துல படுத்துக்கும்."

"படுக்கட்டுமே. அவன மாதிரி குறட்டை விடாதுல்ல."

அவள் அப்படித்தான். வாய் ஓயாது. ஊரே அவள் வாயைக் கேட்டுச் சிரிக்கும்.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீரோ வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவன். தடம் பார்ப்பதில் அவனுக்கு நிகர் இல்லை. வேட்டைக்கு அரசாங்கம் தடை போட்டதும் அவர்களுடைய முகாமை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்துகொண்டிருந்த இறைச்சிப் பங்கும் நின்றது. தீரோ விடிந்ததும் சோளக் கள்ளோடு உட்கார ஆரம்பித்தான். எங்கள் மொழியில் தீரோ என்றால் வேலை. "பேர்ல இருக்குற வேலைய நம்பி எவனாவது பொண்ணு குடுப்பானா?" என்று கூட்டாளிகள் கேட்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் முகாமில் கொடுத்த தோல் பூட்ஸை மட்டும் தினமும் துடைத்து வைப்பான்.

தடையை நீக்கலாமா என்று கேட்க, அறுவடை முடிந்ததும் எங்கள் ஊர் மன்றத்துக்கு ஒரு குழு வருவதாக இருந்தது. அதற்கு முன்பாக ஏற்பாடு பார்க்கத் தலைநகரிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார்.

"இந்த ஊர்ல யானையால யாராச்சும் இறந்திருக்காங்களா?"

"இல்லீங்கம்மா" என்றான் தீரோ.

"அப்ப உங்களுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லைன்னு எடுத்துக்கலாம்" என்றார். நல்ல அம்மா. அன்பாகத்தான் சொன்னார்.

ஒனலென்னா எழுந்தாள். "எங்களுக்கு மாபுலா இருக்காம்மா. மிளகா போதும், துப்பாக்கி எதுக்கு? வேட்டைக்காரங்க வந்தா பெரிய தந்தமாப் பாத்து, ஆத்துக்கு அந்தாண்ட தன்பாட்டுக்கு மேயுற கிழவனைத்தான் சுடுவாங்க. எஞ் சோளத்தத் திங்குறவன் ஹாயாத் திரிவான்." எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். "இதையே குழு வர்றப்பவும் சொல்லுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் தீரோ தன் பூட்ஸைச் சமையல் நெருப்பில் போட்டான். நான் எடுக்கப் போனேன். "விடுக்கா" என்றான். தோல் கருகும் நாற்றம் களியிலும் ஏறியிருந்தது. அதைத்தான் சாப்பிட்டோம்.

எங்கள் மன்றத்தில் ஒரு முறை உண்டு. பேசுகிறவரை யாரும் இடைமறிக்கக் கூடாது. குடிகாரனோ சித்தம் கலங்கியவனோ, பேசி முடிக்கும்வரை தலைவரும் காத்திருப்பார். இந்த முறை எனக்குப் பிடித்தமானது. அதை மீற வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆகவே ஒனலென்னா எழுந்துவிட்டால் தடுக்க வழியில்லை. தீரோவுக்கு வேலை திரும்ப வேண்டுமென்றால், அவளே எழ விரும்பாமல் இருந்தால்தான் உண்டு. ஒரே ஒருமுறை அவள் வயலில் யானை இறங்கினால் போதும். மிளகாய் போதும் என்று அவளால் சொல்ல முடியாது. போவது சோளம்தானே. என் சோளத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். அதைக் கொட்டி வைக்கத் தானியக் குதிர் ஒன்றையும் கழுவிக் காயவைத்தேன்.

அவளுக்கான கட்டிகளை மட்டும் தனியாகச் செய்தேன். சாணம் மட்டும்தான். மேலே பார்வைக்குக் கொஞ்சம் மிளகாய்த் தோலை ஒட்டினேன். காய்ந்ததும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் காலை அந்தப் பக்கம் போனபோது அவள் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து கண்ணு கரிக்கவே இல்லடி! ஒருவழியா எம்மேல இரக்கம் வந்துருச்சா?"

"வந்துருச்சு" என்றேன்.

"குடிசைக்குள்ள ஒரே குளிரு. இனிமே நெருப்போரமே படுத்துக்குறேன். அங்க பாரு."

வேலியோரத்தில், நேற்றைய சாம்பலுக்குப் பக்கத்தில், பாயை விரித்து வைத்திருந்தாள்.

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாயை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். வேலிக்கும் அதற்கும் இருந்த தூரத்தையும் பார்த்தேன். "பனி இறங்கும், கனமான போர்வையா எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் கிடந்ததை முதலில் பார்த்தது நான்தான். மறுநாள் விடிந்தும் விடியாமலும் போனேன். அவளைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. போர்வை கனமானதுதான். யானைகள் வயலில் பாதியைக்கூடத் தின்றிருக்கவில்லை. எரியாமல் மிச்சமிருந்த கட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு, கையோடு கொண்டுபோயிருந்த மிளகாய்க் கட்டிகளை அங்கே வைத்தேன். பிறகுதான் கூவி ஆட்களை அழைத்தேன்.

எங்கள் வழக்கப்படி சாவு வீட்டில் ஆண்கள் இரும்புச் சட்டியில் இறைச்சி இடித்தார்கள். அவர்களோடு தீரோவும் நின்றான். அன்று அவன் குடிக்கவில்லை.

குழு வந்தது. தலைவர் என்னைப் பார்த்து, "நீ அவ கூடப்பொறந்தவ மாதிரி. அவ இருந்தா என்னம்மா சொல்லியிருப்பா?" என்று கேட்டார். நான் எழுந்தேன். "மிளகாய நம்பித்தான் நான் செத்தேன். இன்னொருத்தி சாகுறதுக்குள்ள சுடுங்கன்னு சொல்லியிருப்பா" என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். யாராவது இடைமறிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் மறிக்கவில்லை. அது எங்கள் முறை.

தடை நீங்கியது. தீரோவுக்குப் புது பூட்ஸ் வந்தது. முதல் வேட்டையில் எங்கள் வீட்டுப் பங்கு இறைச்சியை அவனே தோளில் சுமந்து வந்தான். இறக்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "ஆத்துக்கு அந்தாண்ட மேஞ்ச கிழவன்தான்க்கா. ஒனலென்னா வயல் பக்கம் வந்த தடம் இவனோடது இல்ல."

நான் சமைத்தேன். நன்றாக வேகவில்லை. கிழட்டு யானை.

யாரும் என்மேல் சந்தேகப்படவில்லை. பிறகு ஏன் போலீஸ் நிலையத்துக்கு வந்தாய் என்று கேட்பீர்கள். மறுபடி அறுவடை வருகிறது. இந்த முறை என்னிடம் ஒருவரும் கட்டி வாங்கவில்லை. "ஒனலென்னாவையே காப்பாத்தாத மிளகா எங்களையா காப்பாத்தப்போவுது?" என்கிறார்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு புகை போடாமல் வயலில் படுக்கப்போகிறார்கள். மிளகாய் பொய்க்கவில்லை, ஐயா. அவள் வயலில் மிளகாயே இல்லை. இதை ஊரைக் கூட்டிச் சொல்லுங்கள். நான் சொன்னால், பழி தாங்காமல் உளறுகிறாள் என்று என்னைத் தேற்றுகிறார்கள்.

அவளைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். கண் கரிக்காத புகை வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் கேட்டவள் அவள்தான். கேட்டதைத்தான் கொடுத்தேன்.