ஒரே நிறத்து மண்

காலையில் வந்த புல் லோடு இன்னும் இறக்காமல் கிடக்கிறது சார். சுருட்டி அடுக்கிய புல்லை வெயிலில் விட்டால் உள்ளுக்குள் சூடேறி மஞ்சளாகிவிடும். யாரையாவது கொஞ்சம் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். முனுசாமி ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. என்னிடம் ஜேசிபி ஓட்டுகிறவன், நல்ல பையன். ஆனால் அவனுக்கு மெஷின் தெரியும், தொழில் தெரியாது.

கார்வேட்டிநகரம் பக்கத்தில் ஒரு பழைய ஜமீன் மாளிகை. அதன் தோட்டத்தைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று காவ்யா மேடம் பெங்களூரிலிருந்து வந்தார்கள். நடுவில் நீரூற்று, சுற்றிலும் அளந்து வெட்டிய சதுரப் புல்வெளிகள், ஒரு பக்கம் எப்படியோ மறுபக்கமும் அப்படியே. கட்டடக் கழிவையெல்லாம் தோண்டி எறிந்துவிட்டு நல்ல மேல்மண் நிரப்பி, அதன்மேல் புல் விரிக்க வேண்டும். மண்ணும் புல்லும் என் பொறுப்பு. நான் கொண்டுபோன மண்ணையெல்லாம் மேடம் விரலில் நசுக்கிப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்றில் கல், ஒன்றில் சுண்ணாம்பு. கடைசியில் செங்கல்வராயன் நிலத்து மண்ணை ஒரு டப்பாவில் காட்டினேன்.

"இதுதான், மோகன்ராஜ். முழுக்க இதையே போடுங்க," என்றார்கள்.

மண்ணைக் கலந்து போட்டால் புல் பட்டை பட்டையாக நிறம் மாறும். அத்தனை மண்ணும் ஒரே இடத்திலிருந்துதான் வர வேண்டும். இதில் என் ஆசை ஒன்றும் இல்லை.

செங்கல்வராயனுக்கு ஏரிக்குக் கீழே இருந்தது அந்த ஒரு காணிதான். அவரும் அவர் சம்சாரம் பொன்னியம்மாளும் அதில் கனகாம்பரம் போட்டுப் புத்தூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. மரியாதையாகத்தான் போய்க் கேட்டேன். மோர் கொடுத்தார்.

"மேல்மண்ணு போச்சுன்னா அப்பால எங்கப்பா வெள்ளாமை? நாங்க இன்னாத்தத் துன்றது?" என்று சிரித்தார். அத்தோடு பேச்சு முடிந்தது.

கார்த்திகையில் திருச்சானூர் தாயார் கோயில் குளத்தில் பஞ்சமி தீர்த்தம் ஆடப் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் போனார்கள். கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தான். மழைக்கு முன்னால் அள்ளியாக வேண்டும். ஈரத்தில் அள்ளிய மண் கட்டி தட்டிப்போகும், வேர் இறங்காது. ஒரு அடிதான் எடுப்பதாக இருந்தேன். கீழே போகப் போக அதே நிறம். ஏரிக்கரை ஓரத்தில் ஆள் உயரத்துக்கு இறங்கிவிட்டோம்.

யாரோ அவருக்குப் போன் செய்திருக்கிறார்கள். தீர்த்தத்தில் நனைந்த வேட்டி காயாமலேயே வந்து சேர்ந்தார். பிடுங்கிப் போட்ட பூச்செடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பள்ளத்தில் இறங்கி, மண்சுவரில் முதுகை ஒட்டி நின்றுவிட்டார். முனுசாமி மெஷினை நிறுத்தினான்.

"இன்னும் ஓரமா கொண்டா. பயந்து ஏறிடுவாரு," என்றேன்.

மெஷினின் பாரம் தாங்காமல் சுவர் சரிந்தது. நான் தள்ளவில்லை சார், சரிந்தது. மார்பு வரை மூடிவிட்டது. தலையும் ஒரு கையும் வெளியே.

முனுசாமி குதித்து வெறுங்கையாலேயே பறிக்க ஆரம்பித்தான். "ஓனரே, ஆளு உசுரோட கீறாரு. ரெண்டு பேருமா பறிச்சா எட்த்துடலாம், வாங்க!"

"நான் 108க்குப் போன் போடறேன். நீ ரோட்டாண்ட நின்னுகினு ஆம்புலன்ஸுக்கு வழி காட்டு," என்று அனுப்பினேன். ஓடினான். அவனைத் தாண்டி மண் ஏற்றிய டிப்பர்கள்தான் போயின, ஆம்புலன்ஸ் வரவேயில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறான். உண்மைதான். மெஷினில் நானே ஏறி மண்ணை அள்ளி ஏற்றிக்கொண்டிருந்தேன். டிப்பர்கள் மேலே பாதையில் நின்றன. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தின் அடி தெரியாது. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவரை வெளியே எடுத்தால் நேராக ஸ்டேஷனுக்குப் போவார். வேலை நிற்கும், மண் நனையும். நான் யோசித்தது அவ்வளவுதான். கோபம் எதுவும் இல்லை.

மண் ஒரே அடியில் கொல்லாது சார். மூச்சை வெளியே விடும்போது மார்பு சுருங்குகிறது அல்லவா, அந்த இடத்துக்கு மண் வந்துவிடும். பிறகு திருப்பிக் கொடுக்காது. அதனால் அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுத்தது.

"மோகன்ராஜு, மண்ணு வேணும்னா எத்துக்கினு போப்பா. என்ன மட்டும் மேல எட்த்துடு," என்றார்.

இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் கேட்டேன். ஆக, மண்ணை அவர் தன் வாயாலேயே கொடுத்தார். திருட்டு என்று மட்டும் எழுதாதீர்கள்.

கடைசி டிப்பர் போனதும் நானே அவரைத் தோண்டி எடுத்தேன். என் நகம் பெயர்ந்துவிட்டது. வந்து பார்த்து மண்ணை விற்க ஒத்துக்கொண்டார், பள்ளத்தில் இறங்கினார், சுவர் விழுந்தது என்று சொன்னேன்; ஊர் நம்பியது. முனுசாமியும் இத்தனை மாசம் வாயைத் திறக்கவில்லை. கருமாதி வரை நான்தான் நின்று நடத்தினேன்.

அந்த நிலத்தில் இனி எதுவும் வராது. அதனால் பொன்னியம்மாளுக்கு மாளிகைத் தோட்டத்திலேயே களை பறிக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தாள்.

"இது எங்க கொல்லை மண்ணுதானே நைனா?"

"ஆமாம்மா. அவரு மனசாரக் குடுத்தது."

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முட்டி போட்டபடியே நகர்ந்து நகர்ந்து வேலையைப் பார்த்தாள். போய்ப் பாருங்கள் சார், அவள் கை பட்ட பக்கம் புல்லில் ஒரு களை கிடையாது.

கடைசியாக எதுவும் சொன்னாரா என்று என்னிடம் கேட்டாள். சொன்னார். குரல் கம்மிப்போன பிறகு சொன்னார்.

"அவ திருச்சானூர்ல கொளத்தாண்ட குந்திகினு கீறா. தனியா பஸ் ஏறத் தெரியாது. யாரையாச்சும் அனுப்பி இட்டாரச் சொல்லுப்பா."

அதை நான் தள்ளிப்போடவில்லை. மெஷினில் உட்கார்ந்தபடியே, திருப்பதியில் இருந்த என் கார் டிரைவருக்குப் போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான். அந்த இடத்தில் சிக்னல் நன்றாக இருக்கும் சார். ஒரு மனுஷன் சாகும்போது கேட்டதைச் செய்யாமல் விடுகிற ஆள் இல்லை நான்.