வாயாலை ஒரு ஓம்

...பேந்தும் அதையேதான், தம்பி, சொன்னார் அந்த ஆசுபத்திரி டொத்தோரே. இதயம் பெர்ஃபெத்தோவாம், ஒரு குறையும் இல்லையாம். எருதின்ரை இதயமாம். நான் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிக்கிறன், வேர்த்து ஊத்துது, உள்ளுக்கை ஆரோ உலக்கை போடுற மாதிரிக் கிடக்கு, இந்தாள் கடதாசியைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு எருது எண்டுறார். என்ன நியாயம் இது? ...இல்லை, சப்பாத்துக் கழட்டத் தேவையில்லை, உள்ளுக்கை வாங்கோ. அந்தக் கதிரையிலை இருங்கோ. அது ஆடும், ஆனா விழாது. அறையைப் பேந்து காட்டிறன். அறை எங்கை ஓடப்போகுது.

தனேஸ் எண்டுதானே போனிலை சொன்னனீங்கள்? ஸ்ஃபெர்ராகவால்லோவிலை மீன் ரெஸ்ரோறன்ரிலை வேலை, என்ன? ...தலையாட்டாதேங்கோ தம்பி. குறை நினைக்காதேங்கோ, எனக்குத் தலையாட்டினால் காணாது. வாயாலை ஒருக்கால் ஓம் எண்டு சொல்லுங்கோ. ...ஆ. அப்பிடி. அதுதான் வேணும்.

இஞ்சை பிரான்காச்சோவிலையிருந்து அங்கை போறது தூரம் எண்டு ஆக்கள் சொல்லுவினம். சொல்லட்டும். பஸ்ஸிலை நல்லா நித்திரை கொள்ளலாம். வாடகையைப் பற்றி யோசிக்காதேங்கோ, தாறதைத் தாங்கோ. எனக்கு வேண்டியது வீட்டுக்குள்ளை ஒரு மனிசன். தனிய இருக்க எனக்கு ஏலாது தம்பி, உள்ளதைச் சொல்லுறன். நான் கூப்பிட்டால் ஓம் எண்டவேணும். அவ்வளவுதான். குசினியும் பாவிக்கலாம், மெசினிலை உடுப்பும் தோய்க்கலாம்.

என்ன கதைச்சனான்... ஓ, சோதினை. சோதினை எண்டால் கொஞ்சநஞ்சச் சோதினையே? ஈசிஜி எடுத்தாச்சு. ரத்தம் எடுத்தாச்சு. எக்கோ எண்டு, குளிர்ந்த களியைப் பூசி நெஞ்சிலை உரஞ்சி உரஞ்சிப் பாத்தாச்சு. பேந்து ஒரு பெட்டியைத் தந்து, நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு திரியச் சொல்லிச்சினம். அதுக்கு நெஞ்சு மயிரை இடப்பக்கம் மட்டும் வழிச்சு விட்டவை. இப்பவும் ஒரு பக்கம்தான் குளிருது. அந்தப் பெட்டியோடை பஸ்ஸிலை ஏற, பக்கத்திலை இருந்த மனிசி எழும்பிப் போய் சாரதிக்குப் பின்னாலை நிண்டவ. அண்டு முழுக்க என்ரை நெஞ்சு ஒரு சத்தமில்லை. பெட்டியைக் கழட்டிக் குடுத்துப்போட்டு ஆசுபத்திரி வாசலுக்கு வாறன், துவங்கீட்டுது. அதுக்கும் கள்ளப்புத்தி.

ஓடுற பட்டியிலையும் ஏத்தி விட்டவை. நல்லாத்தான் ஓடினன். அந்த நேர்ஸ் பிள்ளை மட்டும் ஒண்டும் பேசுதில்லை, திரையைப் பாத்தபடி நிக்குது. எனக்குப் பதகளிச்சுப் போச்சு. ஓடிக்கொண்டே கேட்டன், பிள்ளை, இருக்கிறியோ, ஏதும் சொல்லன் எண்டு. தமிழிலைதான், அவசரத்துக்கு வேறை என்ன வரும்? அது வெருண்டு மெசினை நிப்பாட்டிப் போட்டுது. நான் முன்னுக்குப் போய் விழுந்தன். அதிலையும் இதயத்துக்கு ஒண்டுமில்லை. முழங்கால்தான் போச்சு.

கடைசியாச் சொன்னார், இது அன்சியா எண்டு. மனப்பதட்டமாம். நோவு மெய்யான நோவுதானாம், படபடப்பும் மெய்தானாம், ஆனா இதயத்திலை பிழையில்லையாம், பயம்தானாம் நெஞ்சைப் பிடிக்குது. எனக்கு வந்த கோவம். எனக்கென்ன பயம்? கடலாலையும் காட்டாலையும் இஞ்சை வந்து சேந்தவன் நான். குவெஸ்தூரா பொலிஸ் வாசலிலை விடிய விடிய நிண்டு, இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெசோ எடுத்தவன். டொத்தோரே, எனக்கு ஒரு பயமும் இல்லை, இந்த நெஞ்சை நினைச்சால்தான் பயம் எண்டன். அவர் அதையும் எழுதினார். எழுதிப்போட்டு, ஆரோடையாவது மனம் விட்டுக் கதையுங்கோ எண்டு அதுக்கெண்டே இருக்கிற ஒரு சிஞ்ஞோராவிட்டை அனுப்பினவர்.

போனனான். நல்ல அறை, நல்ல கதிரை. நான் கதைக்கிறன், அவ கேக்கிறா. கேக்கிறா, கேக்கிறா, ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லுறேல்லை. கண்ணை ஒரு மாதிரிப் பாதி மூடி வேறை வைச்சிருக்கிறா. நான் எவ்வளவு நேரம் பொறுக்கிறது? எழும்பிப் போய் அவவின்ரை மூக்குக்குக் கீழை விரலை வைச்சுப் பாத்தன். மூச்சு இருந்தது. பேந்து அங்கை போகேல்லை. போக விடேல்லை எண்டும் சொல்லலாம்.

...தம்பி, கேக்கிறியள்தானே? ...ஆ. சரி.

முந்தி இந்த அறையிலை இருந்தவன் விதுரன். நல்ல பெடியன்தான். ஆனா காதுக்குள்ளை உந்தச் சாமான் ரெண்டையும் கொளுவிக்கொண்டு, கதவையும் பூட்டிப்போட்டுப் படுப்பான். ஒரு நாள் தட்டுறன், தட்டுறன், சத்தமில்லை. என்ன செய்யிறது? கீழை நிக்கோலா கராஜ் வைச்சிருக்கிறான், அவனைக் கூப்பிட்டு ஏணி வைச்சு யன்னலாலை ஏத்தினன். நிக்கோலா பாரமான ஆள். யன்னலோடை உள்ளுக்கை விழுந்தான். விதுரன் கண் முழிச்சுப் பாக்க, நெஞ்சுக்கு மேலை கிறீஸ் பூசின ஒரு சிசிலிக்காரன். அண்டைக்குப் பின்னேரமே பெட்டியைக் கட்டீட்டான். உதுக்கெல்லாம் கோவிக்கலாமே? இப்ப அறைக்குப் புது யன்னல் போட்டாச்சு, காத்து நல்லா வரும்.

மனிசியோ? நாகபூசணி மிலானோவிலை. மகள் கேசிகாவுக்குப் பிள்ளை பிறந்தது, பாக்கப் போனவ. பிள்ளை இப்ப நடக்குது. மனிசியைக் காணேல்லை. நான் ஒண்டும் செய்யேல்லைத் தம்பி, படுக்கேக்கை, நாகபூசணி ஓம் சொல்லு எண்டு கேப்பன், அவ்வளவுதான். துவக்கத்திலை நித்திரையிலையும் சொல்லுவா. பேந்து பேந்து அலுத்துப்போச்சு. ஒரு நாள், நான் செத்துப்போனன், நீங்கள் படுங்கோ எண்டவ. அப்பிடிச் சொல்லலாமே ஒரு ஆள்? அண்டைக்குத்தான் முதல் முதல் அம்புலன்ஸ் வந்தது. வந்தவங்கள் கட்டிலிலை கிடக்கிற மனிசியையும் பாத்து, நடுங்கிக்கொண்டு நிக்கிற என்னையும் பாத்து, ஆருக்கு வருத்தம் எண்டு கேக்கிறாங்கள்.

உது எப்ப துவங்கினது எண்டு கேக்கிறியளோ? கேக்கேல்லையோ? பறவாயில்லை, சொல்லுறன். இருங்கோ, தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சுக்கொண்டு சொல்லுறன். குசினிக் கதவு திறந்துதான் கிடக்கு, அங்கை இருந்தே கேக்கலாம். இடைக்கிடை ஓம் மட்டும் சொல்லுங்கோ.

நான் சிஞ்ஞோரே கலோஜெரோ எண்ட ஒரு கிழவரைப் பாத்துக்கொண்டிருந்தனான். துறைமுகத்திலை வேலை செய்து பென்சன் எடுத்த மனிசன், கால் ஏலாது. சமைச்சுக் குடுத்து, குளிக்க வாத்து, பின்னேரத்திலை பல்கணியிலை கொண்டுபோய் இருத்தி, பக்கத்திலை இருந்து கதைப்பன். தமிழிலைதான். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனா நான் எங்கை நிப்பாட்டினாலும் எ ஜா எண்டுவார். எங்கடை ஓம் மாதிரித்தான், அதுதானே எண்டுறது போலை. அந்த மாதிரிக் கேக்கிற ஆளை நான் வேறை காணேல்லை. என்ரை மனிசிக்குத் தமிழ் தெரியும், அவ அப்பிடி ஒரு நாளும் கேட்டதில்லை.

அண்டைக்கு மத்தியானம் பாஸ்தா நல்லாச் சாப்பிட்டார். சாப்பிட்டிட்டுப் பல்கணி. பிந்திப் பழுக்கிற சியாகுல்லி மண்டரீன் வந்திருந்தது. நான் உரிச்சு உரிச்சு ஒவ்வொரு சுளையா அவரின்ரை உள்ளங்கையிலை வைச்சுக்கொண்டு குடைக் கதையைச் சொல்லுறன். எங்கடை கோயில் திருவிழாவிலை சாமி வெளியிலை வரேக்கை குடை பிடிக்கிறது நான்தான் தம்பி. அந்த முறை கோபாலசிங்கத்திட்டைக் குடுத்திட்டினம். அவன் கட்டையன். குடைக்கம்பி சாமியின்ரை முடியிலை கொளுவிக்கொண்டு நிண்டுது, சனம் முழுக்கப் பாத்தது. இதைச் சொல்லிப்போட்டு, இது நியாயமோ சிஞ்ஞோரே எண்டு நிப்பாட்டினன். எ ஜா வரேல்லை.

நான் என்ன நினைச்சன் தெரியுமே? இவர் கோபாலசிங்கத்தின்ரை பக்கம் எண்டு நினைச்சன். சுள்ளெண்டு ஏறீட்டுது. முதலிலையிருந்து திருப்பிச் சொன்னன். அவர் பேசாமல் கடலைப் பாத்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பேசினன் தம்பி, நல்லாப் பேசினன். நான் உங்களுக்குச் செய்ததெல்லாம் இதுக்கோ, முகம் தெரியாத கோபாலசிங்கம் பெரிசாப் போனானோ எண்டு. பேசிப் பேசிச் சுளையும் வைச்சுக்கொண்டிருந்தனான், கோவமெண்டாலும் சாப்பாட்டிலை காட்டக்கூடாதுதானே. கிழவரின்ரை மகள் வேலையாலை வந்து பாத்தவ. அவரின்ரை உள்ளங்கை நிறையச் சுளை. ஒண்டும் விழேல்லை. ஒண்டும் தின்னேல்லை.

சாப்பிட்ட கையோடையே உயிர் போயிட்டுதாம். நித்திரை போலையாம். அப்ப நான் பேசினது ஒண்டும் அவருக்குக் கேட்டிருக்காது. நல்லது. ஆனா குடைக் கதையும் கேட்டிருக்காது. அந்த மனிசனிலை எனக்கு அவ்வளவு விருப்பம் தம்பி, கடைசியா அவரோடை கோவிச்சுக்கொண்டெல்லோ இருந்தனான்.

தண்ணி கொதிச்சிட்டுது. சீனி எவ்வளவு போட? ...தம்பி, சீனி?

தம்பி.

...விளையாடாதேங்கோ. ஓம் எண்டு சொல்லுங்கோ. நான் திரும்ப மாட்டன், என்னாலை ஏலாது. கதிரையை ஒருக்கால் ஆட்டுங்கோ, அது கிறீச்செண்டும். இருமுங்கோ. விசர்க் கிழவன் எண்டு பேசுங்கோ, நான் குறை நினைக்கமாட்டன். ...கடவுளே, துவங்கீட்டுது. இடப்பக்கம். கைக்கும் இறங்குது. பெர்ஃபெத்தோவாம், இப்ப வந்து பாக்கட்டும் அந்த டொத்தோரே. ...சரி. திரும்பிறன். சந்நிதியானே, திரும்பிறன்.

...ஆ.

கதிரை வெறுமை. வாசல் கதவும் திறந்து கிடக்கு. சப்பாத்தோடை உள்ளுக்கை விட்டது நான்தானே. ...பொறுங்கோ, பல்கணிக்கு வாறன். தம்பி! தனேஸ் தம்பி! ஓடாதேங்கோ, பஸ் இன்னும் வரேல்லை. நான் பிடிக்க வரேல்லைத் தம்பி, ஒண்டு மட்டும். உயிரோடைதானே போறியள்? ...கையைக் காட்டாதேங்கோ. வாயாலை. வாயாலை ஒருக்கால்.

...ஆ. கேட்டது, கேட்டது. போட்டு வாங்கோ. ...நீ இல்லை நிக்கோலா, நீ உன்ரை வேலையைப் பார். உவனும் கராஜுக்குள்ளை இருந்து ஓம் எண்டுறான், பழகீட்டான்.

கிழவரைப் போலை கதிரையிலை இருந்தபடி போகாமல் காலாலை நடந்து போனவர். அது பெரிய காரியம். நல்ல பெடியன். ரெண்டு தேத்தண்ணி ஊத்தினது, ரெண்டையும் நானே குடிக்கவேணும். ...நோவும் விட்டிட்டுது. படபடப்பையும் காணேல்லை. நல்ல அமைதியாக் கிடக்கு.

...சரியான அமைதி.

...ஏய். உன்னைத்தான். உள்ளுக்கை இருக்கிறியோ? ஒரு சத்தத்தையும் காணேல்லை. ஏதும் சொல்லன். ஒரு ஓம் சொல்லன்.

...ஆ. அடிக்குது. அடி, அடி, அப்பிடித்தான். இப்ப கேள், அந்தக் குடைக் கதையிலை நான் ஒண்டு சொல்ல மறந்துபோனன்.