படகு ஏத்த விட்ட வழி

இல்லக்கா, ஒட்டுக் கேக்கலை. பக்கத்துலயே ஒக்காந்திருக்கேனா, காதுல விழுந்துடுச்சு. முன் சீட்டுல இருக்காரே, அவரு உங்க வீட்டுக்காரருதானே? அவர்கிட்ட சொன்னீங்கல்ல, கடலை ஒட்டி வீட்டைக் கட்டிக்கிட்டு, அப்புறம் கடலு வருது கடலு வருதுன்னு ரோட்டை மறிச்சா கவர்மெண்டு என்ன கடலுக்குக் கதவா போடும்னு.

அய்யோ, மன்னிப்பெல்லாம் எதுக்குக்கா. நான் சண்டைக்கு வரலை. பொதுவா பஸ்ல யார்கிட்டயும் வாயே தொறக்க மாட்டேன். காலேஜுல பேரு கூப்புடும்போது நான் பிரசெண்ட் சொல்றது மேடம் காதுக்குப் போயி சேராது. நேர்ல ஒக்காந்திருக்கேன், ஆப்செண்ட்டு போட்டுடுவாங்க. இன்னைக்கு என்னமோ வாயி நிக்க மாட்டேங்குது.

ஆமா, பரீட்சைதான். திருவாரூர்ல. பத்து மணிக்கு. கடைசி வருஷம். பஸ்ஸை எடுத்தான்னா போயிடலாம். எடுக்கணும்ல.

கதவுன்னு சொன்னீங்கல்ல, அதுதாங்க கதையே. போட்டாங்க. எங்க ஊருல கடலுக்குக் கதவு போட்டாங்க.

எங்க ஊரு இதோ, இந்த முக்கத்துலேருந்து கெழக்கால. சவுக்குத் தோப்பு தெரியுதா, அதுக்கு அந்தாண்ட. முன்னெல்லாம் எங்க வீட்டு வாசல்லேருந்து தண்ணிக்குப் போறதுக்குள்ள காலு சுட்டுடும். அவ்வளவு மணலு. தெக்கால துறைமுகத்துல கல்லைக் கொட்டி நீட்டமா கடலுக்குள்ள ஒண்ணு கட்டுனாங்க. அதுலேருந்து மணலு அந்தப் பக்கமே தங்கிப் போச்சு, எங்க பக்கம் அரிக்க ஆரம்பிச்சிடுச்சு. முதல்ல வலை காயப்போடுற எடம் போச்சு. அப்புறம் தென்னை. நாங்க ஒண்ணும் கடலைத் தேடிப் போயி வீடு கட்டலைக்கா. அதுதான் எங்களைத் தேடி வந்துது.

உங்களுக்கு எந்தப் பக்கம்? கூத்தாநல்லூர்கிட்டயா. வயலு இருக்கும். நீங்களும் மறியல் பண்ணுவீங்கதானே, மேட்டூர்ல தண்ணி விடலன்னு. சிரிக்கிறீங்க பாருங்க. நீங்க தண்ணி வரலன்னு ஒக்காருவீங்க, நாங்க தண்ணி வருதுன்னு ஒக்காருறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கேளுங்க. போன எலெக்ஷன்ல ஆட்சி மாறுச்சுல்ல, அப்போ கல்லு போடுறோம்னு சொன்னாங்க. முந்தின ஆட்சியிலயும் சொன்னாங்கதான். இவங்க போட்டாங்க, பொய் சொல்லக் கூடாது. லாரி லாரியா கருங்கல்லு. ஊரு முழுக்க, முன்வரிசை வீடுங்களுக்கு எதிர்ல, ஆளு ஒசரத்துக்கு மேல செவுரு மாதிரி. ஆளுங்கட்சி கொடிக்கம்பத்துக்கும் கல்லு போட்டாங்க, எதிர்க்கட்சி கொடிக்கம்பத்துக்கும் போட்டாங்க. அதுல ஒண்ணும் ஓரவஞ்சனை இல்ல.

ஆனா ஒரு எடத்துல விடணும்ல. புரியலையா? படகுக்கா. எங்க ஊருல துறைமுகமா இருக்கு, கட்டிப் போட்டு வர்றதுக்கு? வள்ளமோ கட்டுமரமோ, எது வந்தாலும் அலையோட அலையா கொண்டாந்து, நாலஞ்சு பேரு தோளு குடுத்து மணல்ல ஏத்தணும். முழுசா கல்லைப் போட்டு அடைச்சிட்டா எங்க ஏத்துறது. அதனால நடுவுல ஒரு வழி. மூணு படகு பக்கத்துல பக்கத்துல ஏறுற அகலம். அந்த வழி எல்லாருக்கும் வேணும். ஆனா எவனுக்கும் அவன் வீட்டு எதிர்ல வேணாம். ஏன்னா கல்லு இருக்குற எடத்துல முட்டுற தண்ணியெல்லாம் அந்த வழியாத்தானே உள்ள வரும்.

எஞ்சினீரு வந்து சுண்ணாம்புக் கோடு போட்டது எங்க மாமா வீட்டுக்கு எதிர்ல. எங்கம்மாவோட தம்பி, சிவசாமின்னு பேரு. அந்த எடந்தான் தோது. காலங்காலமா படகு ஏறுன எடமே அதுதான், அலை நேரா வரும். ஆனா மாமா அப்போதான் புதுசா காரை வீடு கட்டியிருந்தாரு. ஆளுங்கட்சியில கிளைச் செயலாளரு வேற. ஊர்ப் பஞ்சாயத்துலயும் அவரு ஒரு பெரிய மனுசன்.

மெம்பரா? மெம்பரு அவரு இல்லக்கா, எங்க அத்தை. ராஜாத்தி அத்தை. நம்ம வார்டு பொம்பளைக்குன்னு ஒதுக்கிட்டாங்கல்ல. அத்தை பேருக்கு ஓட்டு, அத்தை போட்டோவுக்கு மாலை. கூட்டத்துக்குப் போறதெல்லாம் மாமாதான். ஒரு தடவ பி.டி.ஓ. ஆபீஸ்ல மெம்பர் வரலையான்னு கேட்டதுக்கு, நான்தான் மெம்பரு, அது வீட்டுல சோறாக்குதுன்னு சொன்னாராம். ஊரே சொல்லிச் சிரிக்கும்.

உங்க ஊருலயும் அப்படித்தானா. எங்கயும் அப்படித்தான்.

கோடு போட்ட அன்னிக்கு சாயங்காலமே மாரியம்மன் கோயில் வாசல்ல கூட்டம். எங்க பழக்கம் என்னன்னா, கல்யாணம் ஆன ஆம்பளை ஒவ்வொருத்தரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுதான் வரி குடுக்கும், தலைக்கட்டுதான் கூட்டத்துல பேசும். எங்கப்பா மஞ்சக்காமாலையில போயிட்டாரு, நான் எட்டாவது படிக்கும்போது. அன்னியோட எங்க வீட்டுத் தலைக்கட்டைக் கழிச்சிட்டாங்க. தண்டனை இல்லக்கா, சலுகைன்னுதான் சொல்லுவாங்க. பாவம் ஆம்பளை இல்லாத வீடு, வரி வேணாம்னு. வரி வேணாம்னா வாயும் வேணாம்னுதானே அர்த்தம்.

அம்மா வலைக் கொட்டகைக்குப் பின்னாடி நின்னு கேட்டுச்சு. நானும் கூட நின்னேன். ஒவ்வொருத்தரும் எங்க வீட்டு எதிர்ல ஆவாது எங்க வீட்டு எதிர்ல ஆவாதுன்னு. ஒரே கூச்சலு. அப்போ மாமா எழுந்து சொன்னாரு. எங்க அக்கா வீட்டுக்கு எதிர்ல விட்டுடுங்கப்பா. அது எந்தத் தலைக்கட்டுலயும் வராது, யாருக்கும் பொல்லாப்பு இல்ல. அக்காவை நான் பாத்துக்குறேன்.

கூட்டம் அப்படியே அடங்கிடுச்சு. நல்ல மனுசன்யா, ஊருக்காக சொந்த அக்கா வீட்டையே குடுக்குறான்னு பேசிக்கிட்டாங்க. எங்கம்மா வீட்டுக்கு வந்து மறுநாளு யாவாரத்துக்குக் கருவாட்டைப் பிரிச்சு வச்சுது. மாமாவை எங்கம்மாதான் இடுப்புல தூக்கி வளத்துது.

கல்லு போட்டு முடிஞ்சுது. ஐப்பசி வந்துது. அக்கா, தண்ணி வர்ற வேகம் நீங்க பாத்தது இல்லயே. மதகைத் தொறந்தா வாய்க்கால்ல பாயும் பாருங்க, அந்த மாதிரி. ஊரு முழுக்க வர வேண்டியது அந்த ஒரு வழியா வந்து எங்க வீட்டு மேல ஏறும். முதல்ல அடுப்படி போச்சு. உலை வச்சுட்டு அம்மா வெளியில வந்துருக்கு, திரும்பிப் பாத்தா செவுரு இல்ல. சாமி மாடம் இருந்த செவுரு கார்த்திகையில போச்சு. இப்போ ஒரு ரூம்பு நிக்குது. படகும் சரியா ஏற மாட்டேங்குது, அங்க அலை கோணலா வருது. ரெண்டு வள்ளம் கல்லுல மோதி ஒடஞ்சுது. அதுக்கப்புறமும் யாரும் தப்பான எடம்னு சொல்லலை. சொன்னா மாமா வீட்டு எதிர்ல கல்லை எடுக்கணும்ல.

போனோம், எல்லா எடத்துக்கும் போனோம். ஆபீஸ்ல கேட்டா, எடத்தைக் காட்டுனது உங்க ஊருதாம்மாங்குறாங்க. ஊருல கேட்டா, கல்லு போட்டது கவர்மெண்டுங்குறாங்க. அத்தைகிட்ட கேட்டுச்சு அம்மா. அத்தை முந்தானையைச் சுருட்டிக்கிட்டு, நான் என்ன அண்ணி பண்ணுவேன், கையெழுத்துதான் என்னோடதுன்னு சொல்லி அழுதுடுச்சு.

மாமா மோசமான ஆளு இல்லக்கா. அதுதான் கஷ்டமே. எம் படிப்புக்கு அவருதான் பஸ் பாஸ் எடுத்துக் குடுத்தாரு. எங்க வீட்டுக் கொல்லையில கொட்டகை போட்டுத் தர்றேன், வந்துடுக்கான்னு கூப்பிட்டாரு. அம்மா போகலை. கொட்டகைக்கு வந்தா நான் ஒன் வீட்டு ஆளு, இங்க இருந்தா நான் ஊரு ஆளுன்னு சொல்லிடுச்சு.

மாத்து எடம் குடுத்தாங்க. நீங்க அதைத்தான் கேப்பீங்கன்னு நெனைச்சேன். உப்பனாத்துக்கு மேக்கால, வயலை ஒட்டி ஒரு புறம்போக்கு. தாசில்தாரு வந்து சங்கிலி புடிச்சு அளந்தாரு. அளந்த கையோட அந்த ஊரு மிராசுதாரருங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. மாடு மேயிற எடமாம், களத்து மேடாம், மீன் நாத்தம் வயக்காட்டுக்கு ஆவாதாம். கோச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லலை. அதே எடத்தை எங்களுக்குத்தான் தரணும்னு கூலி ஆளுங்க ராத்திரியோட ராத்திரியா குடிசை போட்டுட்டாங்க, செவப்புக் கொடி நட்டு. அவங்களும் எங்க போவாங்க, பாவம். இப்போ அங்க போலீசுதான் குடியிருக்கு.

இன்னைக்கு என்னன்னு கேக்குறீங்களா. இன்னைக்கு அந்தக் கல்லு செவுத்துக்குத் தொறப்பு விழா. மந்திரி வர்றாரு. கல்வெட்டு அடிச்சு வச்சிருக்காங்க, அதுல அத்தை பேரும் இருக்கு. பந்தல் போட எடம் வேணும்ல. ஊருலயே திறந்த வெளி எது? எங்க அடுப்படி இருந்த எடந்தான். நேத்து வந்து அங்க காலு நட்டு, ஜமுக்காளம் விரிச்சாங்க. அம்மா பாத்துக்கிட்டே இருந்துது. அந்த எடத்தை மிதிச்சு மிதிச்சு சமன் பண்ணும்போது, நான் உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டேன். நான் அப்படித்தான். சின்ன வயசுலேருந்தே சத்தம்னா ரூம்புக்குள்ள போயிடுவேன்.

எறங்கிப் பாத்துட்டு வந்தவரு என்ன சொல்லிட்டுப் போறாரு? மறியல்ல அம்பது அறுவது பேரா? இல்லக்கா. அவருக்குத் தெரியலை. ஆம்பளைங்க எல்லாம் பந்தல்ல இருக்காங்க, சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு. பொம்பளைங்களை ஆரத்தித் தட்டோட நிக்க வச்சிருப்பாங்க. மறியல்ல இருக்குறது ஒரு ஆளுதான்.

ஒரு ஆளு ஒக்காந்தா பஸ்ஸு நிக்காதா. ரோடு மேல ஒக்காந்தா நிக்கும்லக்கா, ஏத்திட்டா போவ முடியும்.

எங்கம்மாதான் அது.

கருக்கல்லயே என்னை எழுப்பிச் சோறு கட்டிக் குடுத்துது. நான் இன்னைக்கு ரோட்டுல ஒக்காரப் போறேன் ஜெயா, மந்திரி காரு அந்த வழியாத்தான் வந்தாவணும். நீ நம்ம ஸ்டாப்புல ஏறாத, தெக்கால நடந்து போயி முந்தின ஸ்டாப்புல ஏறிக்க. பஸ்ஸு நின்னாலும் எறங்காத. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. கேசு போட்டா ஒம் பேரும் சேர்ந்துடும், நாளைக்கு கவர்மெண்டு வேலைக்குப் போறவ. சரின்னுட்டு வந்து ஏறிட்டேன். சரின்னு சொல்றதுதான் எனக்கு நல்லா வரும்.

இந்த ஜன்னல்லேருந்து தெரியாதுக்கா, முன்னாடி லாரி மறைக்குது. நான் எட்டிப் பாக்கவும் இல்ல. அப்போலேருந்து உங்க முகத்தையேதான் பாத்துக்கிட்டிருக்கேன்.

என்னது? கண்டக்டரு என்ன சொல்றாரு? திரும்பச் சொல்லச் சொல்லுங்க. அந்தம்மாவோட தம்பிக்காரரு வந்துருக்காரா. கையைப் புடிச்சு இழுக்குறாரா.

மணி ஒம்பதே கால்தானே ஆகுது. இப்போ தூக்கிட்டாங்கன்னா பஸ்ஸை எடுத்துடுவாங்க. போயிடலாம், நேரம் இருக்கு.

கொஞ்சம் காலை மடக்கிக்கிறீங்களாக்கா.

இல்ல, பை இருக்கட்டும், நானே எடுத்துக்குறேன். அண்ணே, எறங்கணும். ஆமா, இங்கயேதான். கொஞ்சம் தள்ளுங்க. அண்ணே, லாரிக்கு இந்தப் பக்கமா வழி இருக்கா. தள்ளுங்க, நான் அந்த வீட்டு ஆளு.

மாமா, கையை விடுங்க.

கேக்கலையா மாமா. எங்கம்மா கையை விடுங்க.

கொஞ்சம் தள்ளி ஒக்காரும்மா.